பிறிது மொழிதலும் 'ட்விலைட் சோன்' தொடரும்

சொல்லக் கருதிய பொருளை வெளிப்பட உரைக்காமல், அதனோடு ஒத்த வேறொன்றை மட்டும் உரைத்து, கருதியதைக் கேட்போரே உணருமாறு செய்யும் முறையைத் தமிழ் அணியிலக்கணம் பிறிது மொழிதல் என்று வகுத்துள்ளது. மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லுங்கால், அவர் கருத்து வண்டியின் மேலும் இல்லை, மயிலிறகின் மேலும் இல்லை. பகைவரின் பெருக்கத்தை எண்ணிப் பாராத வேந்தன் மேலேயே உள்ளது. கவிஞன் இம்முறையை அழகு கருதித் தேர்ந்துகொள்கிறான் என்பது பொதுவான எண்ணம். ஆயின் வேறு வழி இன்மையால் இம்முறையை நாடிய எழுத்தாளர்களும் உண்டு. வெளிப்படச் சொல்ல முயன்று, தடுக்கப்பட்டு, மீண்டும் முயன்று, மீண்டும் தடுக்கப்பட்டு, இறுதியில் பேய்க்கதைகளுக்குள்ளும் வேற்றுக்கோள் கதைகளுக்குள்ளும் தம் சொல்லை ஒளித்து வைத்தவர்கள் அவர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் அத்தகையோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ராட் செர்லிங். அவர் படைத்த தொடரே 'ட்விலைட் சோன்'.

அந்தி மண்டலம் என்று அப்பெயரைத் தமிழில் வழங்கலாம். பகலும் இரவும் கலக்கும் பொழுதைப் போல, அறிவியலும் அச்சமும், நனவும் கனவும் கலந்து நிற்கும் களம் அது. 1959 அக்டோபர் 2 முதல் 1964 ஜூன் 19 வரை ஐந்து பருவங்களாக சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய இத்தொடரில் மொத்தம் 156 நாடகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனிக்கதை, வாரந்தோறும் களமும் மாந்தரும் மாறுவர். அவற்றுள் 92 நாடகங்களை செர்லிங்கே எழுதினார். இத்தொடரை விந்தைக் கதைகளின் திரட்டாகக் கண்டு மகிழ்ந்தோர் பலகோடியர். அது எதனால் பிறந்தது என்பதை அறிந்தோர் அவர்களுள் சிலரே. அந்தப் பிறப்பின் வரலாறு, எழுதுகோல் பிடித்த எவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

போர்க்களத்திலிருந்து நாடகமேடைக்கு

ராட் செர்லிங் 1924 டிசம்பர் 25 அன்று நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிங்காம்டன் என்னும் சிறுநகரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1943இல் படையில் சேர்ந்தார். வானிலிருந்து குதிக்கும் வான்குடைப் படைப்பிரிவில் பயிற்சி பெற்று, பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்ட்டே தீவிலும் மணிலாவிலும் சப்பானியரை எதிர்த்துப் போரிட்டார். காயமுற்றார். பட்டினி கிடந்த வீரர்களுக்கென விமானத்திலிருந்து போடப்பட்ட உணவுப் பெட்டி ஒன்று விழுந்து தம் தோழர் ஒருவர் மாண்டதைக் கண்முன்னே கண்டார். உயிர் காக்க வந்த பொருளே உயிரைக் குடித்த அக்கொடிய முரண் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அவர் படையில் இருந்த 1945ஆம் ஆண்டிலேயே தந்தையும் காலமானார்.

போர் முடிந்தபின் ஒகையோ மாநிலத்தின் ஆண்டியோக் கல்லூரியில் பயின்ற செர்லிங், முதலில் வானொலிக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் எழுதலானார். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி இன்றுள்ளது போன்றதன்று. நியூயார்க் நகரின் படப்பிடிப்புக் கூடங்களில் நாடகங்கள் நேரடியாக நடிக்கப்பட்டு, நடிக்கும்போதே நாடெங்கும் ஒளிபரப்பாயின. 1955 சனவரி 12 அன்று ஒளிபரப்பான அவருடைய 'பேட்டர்ன்ஸ்' என்னும் நாடகம், பெருநிறுவனம் ஒன்றில் முதிய அதிகாரி ஒருவர் மெல்ல மெல்ல நசுக்கப்படுவதைக் காட்டியது. மக்கள் அதனை மீண்டும் காண விழைந்ததால், நான்கு வாரங்களுக்குப் பின் நடிகர்கள் மீண்டும் கூடி முழு நாடகத்தையும் மறுபடி நேரடியாக நடித்தனர். அடுத்த ஆண்டில், களத்தை விட்டு விலக்கப்பட்ட குத்துச்சண்டை வீரன் ஒருவனின் துயரைப் பேசிய 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்' வெளிவந்தது. இரு நாடகங்களும் அவருக்கு எம்மி விருதுகளைப் பெற்றுத் தந்தன. முப்பத்திரண்டு வயதுக்குள் அவர் நாடறிந்த நாடகாசிரியர் ஆனார்.

விளம்பரதாரரின் கத்தரிக்கோல்

புகழ் வந்தது, உரிமை வரவில்லை. அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியின் செலவு முழுவதையும் ஒரே நிறுவனம் ஏற்பதே பெரும்பான்மை வழக்கம். ஆகையால் நாடகத்தின் எழுத்துப்படி முதலில் விளம்பர முகவர்களின் மேசைக்குச் செல்லும். பொருளை விற்கும் நிறுவனத்துக்கு எந்த ஊரிலும் வாங்குவோர் வேண்டும். எவர் மனமும் புண்படலாகாது. எவரும் சினந்து பொருளைப் புறக்கணித்துவிடக் கூடாது. இந்த அச்சமே தணிக்கை அதிகாரியாக அமர்ந்தது. அரசு தடுத்த சொற்களை விட, வணிகம் தடுத்த சொற்களே மிகுதி எனலாம்.

1956இல் அமெரிக்க மேலவையைக் களமாகக் கொண்டு 'தி அரீனா' என்னும் நாடகத்தை செர்லிங் எழுதினார். ஆனால் அவ்வவையின் உறுப்பினர்கள் அன்றைய நாட்டுநடப்பு எதைப் பற்றியும் வாய்திறக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. கட்சிப் பெயரும் கூடாது, சட்டப் பெயரும் கூடாது. பொருளற்ற ஒலிகளை எழுப்பும் சட்டமன்றமே திரையில் மிஞ்சியது. இதைவிட அந்நாடகத்தை எதிர்காலத்தில் வைத்து, அவையை இயந்திர மனிதர்களால் நிரப்பியிருந்தால் தாம் எண்ணியதைச் சொல்லியிருக்கலாம் என்று அவர் பின்னர் கசப்போடு எழுதினார். அக்கசப்பில்தான் 'ட்விலைட் சோன்' தொடரின் விதை கிடந்தது.

இந்நிலை செர்லிங் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1959 ஏப்ரலில் ஏபி மான் எழுதிய 'ஜட்ஜ்மெண்ட் அட் நியூரம்பர்க்' நாடகம் ஒளிபரப்பானபோது, யூதர்களைக் கொன்ற நச்சுவாயு அறைகளைக் குறிக்கும் சொல் நடிகர் வாயிலிருந்து வந்த இடங்களில் ஒலி அடக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியின் விளம்பரதாரர் சமையல் எரிவாயுத் துறையினர் என்பதே காரணம். இலட்சக்கணக்கானோரின் சாவு, அடுப்பு விற்பனைக்கு இடையூறாகக் கருதப்பட்ட காலம் அது.

மிசிசிப்பியில் மாண்ட சிறுவன்

1955 ஆகஸ்டு மாதத்தில், சிகாகோ நகரைச் சேர்ந்த எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன், மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள உறவினரைக் காணச் சென்றான். கடையில் இருந்த வெள்ளைப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்னும் பழியைச் சுமத்தி, நள்ளிரவில் அவனைத் தூக்கிச் சென்று, சித்திரவதை செய்து, கொன்று, உடலை டல்லாஹாச்சி ஆற்றில் எறிந்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும், முழுக்க வெள்ளையரே அமர்ந்த நடுவர் குழு செப்டம்பர் 23 அன்று ஏறத்தாழ ஒருமணி நேரமே கலந்துபேசி விடுவித்தது. சில மாதங்களில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, கொன்றது தாங்களே என்று 'லுக்' என்னும் இதழுக்கு வாக்குமூலம் தந்தனர். ஒருமுறை விடுவிக்கப்பட்டோரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு கொலைகாரனைக் காக்க ஓர் ஊரே எவ்வாறு திரண்டு நிற்கிறது என்னும் வினா செர்லிங்கை உலுக்கியது. 'நூன் ஆன் டூம்ஸ்டே' என்னும் நாடகத்தை அவர் எழுத முற்பட்டார். நேரே எழுதினால் திரைக்கு வராது என்று அறிந்தே, தொலைக்காட்சிக்குத் தந்த வரைவில் கொலையுண்டவரை முதிய யூதராக அமைத்தார். களத்தை மட்டும் அமெரிக்கத் தெற்கிலேயே வைத்தார். ஒரு செய்தியாளர், இது டில் வழக்கைப் போல் உள்ளதே என்று கேட்க, பொருந்துமாயின் அவ்வாறே கொள்ளலாம் என்னும் பொருள்பட செர்லிங் விடை தந்தார். செய்தி பரவியது. நிறவெறி காத்த வெள்ளைக் குடிமக்கள் மன்றங்களிலிருந்து கண்டன மடல்கள் குவிந்தன. நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிப்போம் என்னும் மிரட்டல் எழுந்தது.

அதன்பின் நாடகம் சல்லடையாயிற்று. கொலையுண்டவர் இன்ன நாட்டினர் என்று அறியவொண்ணாத ஓர் அயலார் ஆனார். களம் தெற்கிலிருந்து வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. கும்பல் கொலையைக் குறிக்கும் 'லிஞ்ச்' என்னும் சொல் நீக்கப்பட்டது. காட்சியில் இருந்த கோக்கோ கோலா பாட்டில் கூடத் தெற்கை நினைவூட்டும் என்று அகற்றப்பட்டது. 1956 ஏப்ரல் 25 அன்று ஒளிபரப்பான நாடகத்தில் சினம் இருந்தது. யார் மேல் சினம் என்பது இல்லை.

செர்லிங் விடவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் அதே பொருளை மீண்டும் கையில் எடுத்தார். 'எ டவுன் ஹேஸ் டர்ன்ட் டு டஸ்ட்' என்னும் அந்நாடகமும் அதே வழியில் சென்றது. இம்முறை காலம் 1870களுக்குத் தள்ளப்பட்டது. களம் தென்மேற்குப் பாலைநிலம். கறுப்பினச் சிறுவன் மெக்சிகோ நாட்டு இளைஞன் ஆனான். 1958 சூன் 19 அன்று அது ஒளிபரப்பாயிற்று. இருமுறை எழுதியும் எம்மெட் டில்லின் பெயரும் நிறமும் ஊரும் திரையில் தோன்றவே இல்லை.

வேடம் புனைந்த எழுத்து

இக்காலத்தில் செர்லிங் ஒன்றை உணர்ந்தார். தெற்கில் நிற்கும் ஒரு வெள்ளையன் சொல்லலாகாததைச் செவ்வாய்க் கோளில் நிற்கும் ஒருவன் சொல்லலாம். எழுத்துப்படியைப் படிக்கும் விளம்பர முகவர் அதைச் சிறுவர் கதை என்று எண்ணிக் கையொப்பம் இடுவார். 1958 நவம்பரில், முத்துத் துறைமுகத் தாக்குதலுக்கு முதல்நாள் அவ்விடத்தில் தான் நிற்பதாகக் கனவு காணும் மனிதன் ஒருவனைப் பற்றிய 'தி டைம் எலிமெண்ட்' என்னும் நாடகம் வெளியானது. வரப்போவதை அவன் உரக்கச் சொல்கிறான், கேட்பார் இல்லை. பார்வையாளரிடமிருந்து பாராட்டு மடல்கள் வந்து குவியவே, சி.பி.எஸ். நிறுவனம் முழுத் தொடருக்கு வழிவிட்டது.

தொடர் தொடங்குவதற்குப் பத்து நாள்களுக்கு முன், 1959 செப்டம்பர் 22 அன்று, மைக் வாலஸ் என்னும் புகழ்பெற்ற நேர்காணலாளர் செர்லிங்கைத் தொலைக்காட்சியில் வினவினார். பெரிய பொருள்களைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டீர் போலும் என்று அவர் கேட்டதற்கு, நடப்புச் சமுதாயச் சிக்கல்களை நாடகமாக்குவதில்லை என்னும் பொருளில் அது உண்மையே என்று செர்லிங் ஒப்புக்கொண்டார். தோல்வியை ஏற்ற ஒருவரின் சொற்களாகவே அன்று அவை ஒலித்தன. பின்னர் நடந்ததைக் கொண்டு நோக்குங்கால், வேடம் புனைவோன் மேடை ஏறுமுன்பே தன் வேடத்தைக் காக்கத் தொடங்கிவிட்டான் என்றும் கொள்ளலாம்.

வேடம் முற்றிலும் காவலாக அமைந்துவிடவில்லை. முதற்பருவத்தின் நாடகம் ஒன்றில் ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி தேநீர் கேட்பதாக இருந்தது. விளம்பரதாரர் காப்பி விற்பவர் என்பதால் தேநீர் என்னும் சொல் நீங்கிற்று. நிகழ்ச்சியின் முடிவில் விளம்பரதாரரின் சிகரெட்டைப் பரிந்துரைக்கும் கடமையும் செர்லிங்குக்கு வந்தது. ஆயினும் தேநீரை நீக்கியவர்கள் கதையின் உட்பொருளைத் தொடவில்லை. அவர்கள் தேடியது சொற்களை மட்டுமே.

தெருவும் திரையும் கண்ணும்

1960 மார்ச் 4 அன்று 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' வெளிவந்தது. அமைதியான ஒரு தெரு, கோடை மாலை. வானில் ஏதோ ஒளிர்ந்து கடக்கிறது. விளக்குகள் அணைகின்றன, தொலைபேசி ஓய்கிறது, ஊர்திகள் ஓடவில்லை. வேற்றுக்கோளினர் மனித உருவில் முன்னரே வந்து குடியேறியிருப்பர் என்று தான் படித்த கதையை ஒரு சிறுவன் சொல்கிறான். அவ்வளவே. இரவு உறக்கம் வராமல் வானைப் பார்த்து நிற்பவன் மேல் ஐயம். தன் வீட்டு விளக்கு மட்டும் எரிந்தவன் மேல் ஐயம். இருளில் நடந்து வந்த அண்டை வீட்டாரை ஒருவன் சுட்டுக் கொல்கிறான். முடிவில் குன்றின் மேல் நின்று இதனைக் காணும் வேற்றுக்கோளினர் இருவர், படையெடுக்க வேண்டியதில்லை, விளக்கை அணைத்தால் போதும் என்று பேசிக்கொள்கின்றனர். பொதுவுடைமையர் என்னும் ஐயத்தின் பேரில் எழுத்தாளரும் நடிகரும் பெயர்ப்பட்டியலில் ஏற்றப்பட்டு வாழ்விழந்த பத்தாண்டு முடிந்த வேளை அது. ஓர் ஊர் தன் குற்றத்தை எவ்வாறு அயலான் மேல் ஏற்றுகிறது என்னும் வினாவும் அதில் இருந்தது. இருமுறை வெட்டப்பட்ட நாடகத்தின் உயிர், வேற்றுக்கோளினரின் துணையோடு முழுமையாகத் திரைக்கு வந்தது.

அதே ஆண்டு நவம்பர் 11 அன்று வெளியான 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' காட்சி மொழியால் சிறந்தது. முகம் முழுதும் கட்டுப் போட்ட பெண்ணொருத்தி மருத்துவமனையில் கிடக்கிறாள். எல்லாரையும் போன்ற முகம் வேண்டி இது அவளுக்குக் கடைசி மருத்துவம். மருத்துவரும் செவிலியரும் அவளைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஆனால் அவர்தம் முகங்களை நிழலும் புகையும் மறைத்தே நிற்கின்றன. கட்டு அவிழ்கிறது. நம் கண்ணுக்கு அவள் பேரழகி. மருத்துவம் தோற்றது என்று அலறும் மருத்துவர் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. பன்றி மூக்கும் கோணிய வாயும் அங்கே தெரிகின்றன. அந்நாட்டில் அதுவே அழகு. எல்லாரும் ஒன்றுபோல் இருத்தலே அறம் என்று தலைவன் திரைகளில் முழங்குகிறான். மாறுபட்ட முகத்தோர் தனிக் குடியிருப்புக்கு அனுப்பப்படுகின்றனர். பிறப்பால் வந்த தோற்றத்துக்காக மனிதரைத் தனியே ஒதுக்குவதைச் சட்டமாகவே கொண்ட மாநிலங்கள் அமெரிக்காவில் இருந்த ஆண்டு அது. நிறம் என்னும் சொல் நாடகத்தில் இல்லை. பார்த்தவர் நெஞ்சில் அச்சொல் எழாமலும் இல்லை.

செர்லிங் தாம் கண்ட போரையும் இவ்வழியே பேசினார். 'தி பர்ப்பிள் டெஸ்டமெண்ட்' நாடகத்தில், பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் நிற்கும் இளம் அதிகாரி ஒருவன், அன்று சாகப்போகும் வீரர் முகத்தில் ஓர் ஒளியைக் காண்கிறான். 1961 இறுதியில் வந்த 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி' நாடகத்தில், சோர்ந்து கிடக்கும் சப்பானிய வீரரைக் கொல்லத் துடிக்கும் அமெரிக்க அதிகாரி, நொடிப்பொழுதில் சப்பானிய அதிகாரியாக மாறி, குகைக்குள் காயமுற்றுக் கிடக்கும் அமெரிக்கரைக் கொல்லும்படி ஏவப்படுகிறான். பகைவனின் உடலுக்குள் புகுந்து பார்க்கும் இப்பார்வை, அப்பகைவனோடு கைகலந்த வீரன் ஒருவனிடமிருந்து வந்ததென்பது குறிப்பிடத்தக்கது.

கதைகளைத் தேர்வதில் காட்டிய துணிவை நடிகரைத் தேர்வதிலும் அவர் காட்டினார். 1960 ஏப்ரலில் வெளிவந்த 'தி பிக் டால் விஷ்' நாடகத்தின் முதன்மை மாந்தர் கறுப்பினக் குத்துச்சண்டை வீரனும் அவனை நேசிக்கும் சிறுவனுமே. கதையில் நிறச்சிக்கல் எதுவும் இல்லை. கறுப்பின மக்களும் கனவும் ஏக்கமும் உடையோர் என்று காட்டியதே அன்று புதுமை.

இத்தொடர் ஒருவரின் தனிமுயற்சியும் அன்று. ரிச்சர்டு மாதீசன், சார்லஸ் போமாண்ட், ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சன், ஏர்ல் ஹாம்னர் ஆகியோர் அதற்கு எழுதினர். பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் கொடிய உரு ஒன்றைத் தான் ஒருவன் மட்டுமே காணும் பயணியின் கதை மாதீசனுடையது. முதற்பருவத்துக்கு இசையமைத்தவர் பெர்னார்டு ஹெர்மன். உலகறிந்த அந்த நடுக்கமூட்டும் தொடக்க இசையோ இரண்டாம் பருவத்தில்தான் வந்தது. மாரியஸ் கான்ஸ்டன்ட் என்னும் இசையறிஞரின் சிறுசிறு இசைத்துணுக்குகளை ஒட்டி உருவாக்கியது அது. 1961 மே மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பரந்த பாழ்நிலம் என்று சாடிய ஒலிபரப்புத் துறை ஆணையத் தலைவர் நியூட்டன் மினோ, விதிவிலக்காகப் பாராட்டிய சில நிகழ்ச்சிகளுள் 'ட்விலைட் சோன்' ஒன்றாகும்.

மறைத்தலின் விலை

இவ்வெற்றியைப் போற்றும் வேளையில் ஒரு வினாவைத் தவிர்த்தல் நேர்மை ஆகாது. மறைத்துச் சொன்னதால் இழந்தது யாது?

1955 செப்டம்பரில் எம்மெட் டில்லின் சிதைந்த உடல் சிகாகோவுக்கு வந்தபோது, அவன் தாய் மேமி சவப்பெட்டியை மூட மறுத்தார். தம் மகனுக்கு நேர்ந்ததை உலகம் காணட்டும் என்றார். பல்லாயிரவர் வரிசையில் நின்று அம்முகத்தைக் கண்டனர். 'ஜெட்' என்னும் இதழ் அதன் படத்தை வெளியிட்டது. குடிமை உரிமைப் போராட்டத்தின் பொறி பலர் நெஞ்சில் பற்றியது அப்படத்தைக் கண்டுதான். நாடகாசிரியர் மூடிச் சொல்ல நேர்ந்த அதே உண்மையை, ஒரு தாய் மூடியைத் திறந்து காட்டினார். இருவழிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், பிறிது மொழிதலுக்கு ஓர் எல்லை உண்டென்பது விளங்கும். உவமை எவருக்கும் பொருந்தும். ஆதலால் எவரும் அது தமக்கன்று என்று தப்பிக்கொள்ளவும் இயலும். மேப்பிள் தெருவைப் பார்த்த ஒரு நிறவெறியர், அண்டை வீட்டாரைத்தான் அது சொல்கிறது என்று எண்ணி உறங்கச் சென்றிருக்கலாம். திறந்த சவப்பெட்டியின் முன் அவ்வாறு எண்ண இயலாது.

தொடருக்குள்ளேயே இவ்வெல்லை தெரிகிறது. 1961 நவம்பர் 10 அன்று, எருசலேமில் ஐக்மன் வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருந்த நாள்களில், 'டெத்ஸ்-ஹெட் ரீவிசிட்டட்' வெளியானது. தான் ஆண்ட வதைமுகாமைக் காண மகிழ்வோடு திரும்பும் நாட்சி அதிகாரியை, அங்கே மாண்டோர் ஆவிகளாய் எழுந்து விசாரித்துத் தண்டிக்கின்றனர். அம்முகாமின் பெயரான டாஹாவ் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. அயல்நாட்டுக் கொடுமைக்குப் பெயர் சூட்டலாம். உள்நாட்டுக் கொடுமைக்கு வேற்றுக்கோளே இடம் என்பதே அன்றைய எழுதாத விதி.

விந்தைக் கதை என்பதாலேயே ஒரு படைப்பு உண்மையின் பக்கம் நின்றுவிடும் என்பதும் இல்லை. 1964 மே 1 அன்று வந்த 'தி என்கௌன்டர்' செர்லிங் எழுதியதன்று. அது முத்துத் துறைமுகத் தாக்குதலில் சப்பானிய அமெரிக்கர் ஒருவர் காட்டிக் கொடுத்தார் என்னும் பொய்யைக் கதையாக்கியது. எதிர்ப்பு எழுந்தது, பல பத்தாண்டுகள் அந்நாடகம் அமெரிக்காவில் மறு ஒளிபரப்புப் பெறவில்லை. வேடம் உண்மைக்கும் உதவும், அவதூற்றுக்கும் உதவும்.

பெயர் சொன்ன இருள்

எனினும் தொடரின் இறுதிப் பருவத்தில், 1964 மார்ச் 27 அன்று, செர்லிங் எழுதிய ஒரு நாடகம் அவ்விதியை மீறியது. 'ஐ ஆம் தி நைட், கலர் மி பிளாக்' என்பது அதன் பெயர். ஓர் ஊரில் தூக்குத் தண்டனை நிறைவேற இருக்கும் காலையில் சூரியன் உதிக்கவில்லை. சாக இருப்பவன் ஒரு வெறியனைக் கொன்றவன். ஊரார் அவன் சாவைக் காணக் களிப்போடு கூடுகின்றனர். தூக்கு முடிந்தும் இருள் விலகவில்லை, மேலும் அடர்கிறது. அவ்விருள் மக்கள் நெஞ்சில் இருந்து எழுந்த வெறுப்பே என்று கறுப்பின மதகுரு உரைக்கிறார். முடிவில் வானொலிச் செய்தி இருள் கவிந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பெர்லின் சுவர், வட வியட்நாம், குடியரசுத் தலைவர் கென்னடி நான்கு மாதங்களுக்கு முன் சுடப்பட்ட டல்லாஸ் நகரத் தெரு ஆகியவற்றோடு, அலபாமாவின் பர்மிங்காம் நகரும் அப்பட்டியலில் இடம்பெற்றது. 1963 செப்டம்பர் 15 அன்று அந்நகரத் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு கறுப்பினச் சிறுமியரின் உயிரைப் பறித்திருந்தது.

நாடகக் கலை என்னும் நோக்கில் இதனைத் தொடரின் உச்சம் என்று சொல்லவியலாது. மேப்பிள் தெருவின் கட்டுக்கோப்பு இதில் இல்லை, பேச்சு மிகுந்துள்ளது. ஆனால் வரலாற்று நோக்கில் இதன் இடம் தனித்தது. 1956இல் தெற்கை நினைவூட்டும் என்று ஒரு பாட்டிலை அகற்றியவர்களின் திரையில், எட்டாண்டுகளுக்குப் பின் தெற்கின் ஊர்ப்பெயர் ஒலித்தது. விந்தைக் கதை என்னும் மறைவில் எட்டாண்டு நடந்து செர்லிங் சேர்ந்த இடம் அது.

பின்னுரை

பார்வையாளர் எண்ணிக்கையில் 'ட்விலைட் சோன்' என்றுமே முதலிடத்தில் நின்றதில்லை. ஒருமுறை விளம்பரதாரர் கிடைக்காமல் இடைநின்று, 1963 சனவரியில் ஒருமணி நேர நாடகங்களாக மீண்டு, அடுத்த பருவத்தில் பழைய அரைமணி அளவுக்குத் திரும்பியது. அதன் கடைசிப் புதிய நாடகம் 1964 சூன் 19 அன்று ஒளிபரப்பாயிற்று. டில் வழக்கைப் பேச வந்து பாலைநிலத்துக்குத் துரத்தப்பட்ட இரண்டாம் நாடகம் வெளியாகிச் சரியாக ஆறாண்டுகள் நிறைந்த நாள் அது. பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தை அமெரிக்க மேலவை நிறைவேற்றியதும் அதே நாளில்தான்.

செர்லிங் தொடரில் தமக்கிருந்த பங்கை சி.பி.எஸ். நிறுவனத்துக்கே விற்றார். 1970களின் தொடக்கத்தில் வந்த 'நைட் கேலரி' தொடருக்கு அவர் முகமும் குரலும் பயன்பட்டன. ஆனால் கட்டுப்பாடு அவர் கையில் இல்லை. இத்தாக்கா கல்லூரியில் மாணவர்க்கு எழுத்தைக் கற்பித்தார். 1975 சூன் 28 அன்று, இதய அறுவை மருத்துவத்துக்குப் பின், ஐம்பதாம் வயதில் காலமானார். அவர் தொடர் மறையவில்லை. 1985, 2002, 2019 ஆகிய ஆண்டுகளில் அது புதிய வடிவில் மீண்டும் தொடங்கப்பெற்றது. 2019இல் செர்லிங் நின்ற இடத்தில் நின்று கதை சொல்லியவர் ஜோர்டன் பீல் என்னும் கறுப்பினக் கலைஞர். நிறவேற்றுமையை அவர் தொடர் வேற்றுக்கோளுக்கு அனுப்பாமலே பேசியது.

கும்பல் கொலையைக் கூட்டாட்சி அரசின் வெறுப்புக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022 மார்ச் 29 அன்று கையொப்பமாயிற்று. அச்சட்டம் எம்மெட் டில்லின் பெயரைத் தாங்கியுள்ளது. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகத்தில் சொல்லவொண்ணாத பெயர் அது. 'லிஞ்ச்' என்னும் அச்சொல்லும் அச்சட்டத்தின் தலைப்பில் உள்ளது.

சொல்லத் தடை உள்ள இடத்தில் பிறிது மொழிதல் உண்மையை உயிரோடு காத்து வைக்கும் என்பதற்கு செர்லிங்கின் 156 நாடகங்கள் சான்று. காத்து வைத்த உண்மைக்கு ஒருநாள் அதன் பெயரைத் திருப்பித் தரவேண்டும் என்பதற்கு மேமி திறந்து வைத்த சவப்பெட்டி சான்று. இவ்விரண்டையும் அறிந்த கவிஞன், தான் எதை மறைக்கிறான், எவரை அஞ்சி மறைக்கிறான், எந்நாள் வரை மறைப்பான் என்று தன்னையே கேட்டுக்கொள்வான்.